முழு டப்பா

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்த எட்டுப் பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க!" அவர்கள் கைகாட்டிய தொட்டிக்குள் என் பவளம் செத்துக்கொண்டிருந்தது. அதை அவர்களிடம் சொல்லவும் முடியாது. தம்பி மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க வந்தவர்கள் அவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் அடையாறில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். பெசன்ட் நகரில் இரண்டாவது மாடி வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு, அது இங்கே வேண்டாம். வீட்டின் ஹாலில் நாலடி நீளத்தில் ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் ஆறு மீன்கள், மிச்சமெல்லாம் பவளங்கள்.

கல் போல வளரும் பவளங்களை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. என்னிடம் இருந்தவை தோல் போல மெத்தென்று இருக்கும் மென்பவளங்கள். அவற்றில் ஒன்றுதான் குடை. வேலை மாற்றலாகிப் போன ஒரு சக ஆசிரியை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டைச் சின்னக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அது வளர்ந்து, தண்டு பருத்து, மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து நின்றது. காலையில் தொட்டி விளக்கு எரிந்ததும் அதன் மேலெல்லாம் மெல்லிய பூப்பூவாக நூல்கள் வெளியே வரும். ஒன்பது வருஷமாக நான் காபி டம்ளரோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறேன். ஜபம் சொல்லாமல் கிளம்பிய நாட்கள் உண்டு. குடை விரிவதைப் பார்க்காமல் கிளம்பியதில்லை.

"ஐந்து நிமிஷம் நடந்தா பீச், ஒரு குடம் மொண்டுட்டு வந்து ஊத்த வேண்டியதுதானே" என்று யோசனை சொல்லாத விருந்தாளி இல்லை. சாயங்காலத்தில் பஜ்ஜி எண்ணெயும் பாப்கார்னும் கலந்து கிடக்கும் அந்தக் கரைத் தண்ணீரையா? நான் சுத்திகரித்த தண்ணீரில் கடல் உப்பு கலந்து, அளந்து, சூடு பார்த்து ஊற்றுகிறேன். இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

யோசனையையாவது காதில் வாங்காமல் விடலாம். அவர்கள் மீனுக்குத் தீனி போடுவதை எப்படி விடுவது? எங்கள் வீட்டில் இது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. யாராவது குழந்தையோடு வந்தால் தம்பி மனைவி குழந்தையின் கையில் ஒரு டம்ளர் பாலும் மீன் தீனி டப்பாவும் கொடுத்துவிடுவாள். குழந்தை கொட்டும். "பாவம், பசியில எப்படி ஓடியாருது பாருங்க" என்று பெரியவர்களும் கொட்டுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கரோல் பாட வந்த பிள்ளைகள் கேக்கையே பிய்த்துப் போட்டார்கள். பிளம் கேக்! தொட்டிக்குள் உலர்ந்த திராட்சை மிதந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தின்னாமல் மிஞ்சிய தீனியும் தின்று கழித்ததும் மக்கி, தண்ணீரில் பாஸ்பேட்டாகச் சேரும். பாஸ்பேட் ஏறினால் பாசிக்குக் கொண்டாட்டம். கிறிஸ்துமஸ் முடிந்து, பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் பாறையெல்லாம் பச்சை முடி முளைத்துக் கிடந்தது.

இதற்கு மருந்து உண்டு. பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குருணை. வெள்ளையாக ஒரு வகை வரும், வீரியம் குறைவு. கறுப்பாக இன்னொரு வகை, இரும்புத் துரு சேர்ந்தது, வீரியம் அதிகம். கறுப்பைக் கையாளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. செந்தூள் நின்று தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். வலைப்பையில் போட்டு, வடிகட்டி அறையில் தண்ணீர் நிதானமாக ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கால் பங்குக்கு மேல் போடக் கூடாது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போடுவதா என்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் பவளத்துக்கும் பாஸ்பேட் கொஞ்சம் வேண்டும், நமக்குச் சாப்பாட்டில் உப்பு வேண்டியிருப்பது போல. ஒரு மாசமாக ஏறியது இறங்கவும் ஒரு மாசம் ஆகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

கொளத்தூரில் மீன் கடைக்காரர் கறுப்புக் குருணைப் பொட்டலத்தை நீட்டும்போது இதெல்லாம் சொன்னாரா? "ஒண்ணும் ஆவாது மேடம், கொட்டிக்கினே போங்க. ஒரே வாரத்துல பாசி காலி" என்றார். நான் அவரையே பார்த்தேன். "எத்தனை பேர் தொட்டியைக் காலி பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தின் ஓரம் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே அலமாரியில் கிடந்த ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் குருணையைக் கொட்டி மூடி வைத்தேன். பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். எங்கள் வீட்டில் எல்லாச் சாமானும் இப்படித்தான். ரவை என்று எழுதிய டப்பாவில் உளுந்து இருக்கும், மிளகாய்த்தூள் என்று எழுதியதில் கடுகு இருக்கும், பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. கை தானாகப் போய் எடுக்கும்.

அந்த வாரம் எனக்கு வடபழனிப் பக்கம் ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு வேலை. திங்கட்கிழமை தொடங்கி நாலு நாள், வெளியிலிருந்து போய் மதிப்பெண் போடுகிறவள் நான். காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை நான் செருப்பு மாட்டும்போது தம்பி வந்து நின்றான். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர் வேலை அவனுக்கு. முப்பது வருஷ டிப்போப் பேச்சு நாக்கிலேயே தங்கிவிட்டது.

"அக்கா, தொட்டி ஒரே பாசியா கீது. ஞாயித்துக்கிழமை பையன் வூட்டுக்காரங்க வராங்க. இன்னா பண்றது?"

"மருந்து கீழ அலமாரியில இருக்கு. அவசரம்னா போடு. அளவு பாத்துப் போடு" என்றேன். சொன்னபோது நான் பாதிப் படி இறங்கியிருந்தேன்.

அளவு பார்த்துப் போடு என்று நான் சொன்னேன். இதை அடுத்த ஐந்து நாளில் ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை அந்தத் தேர்வுக்கூடத்தில் ஒரு பெண்ணுக்குச் சோதனை சரியாகவே வரவில்லை. அழத் தொடங்கிவிட்டாள். பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த காகிதம் ஒரு அமிலத்தின் பெயரைச் சொன்னது, உள்ளே இருந்தது வேறு அமிலம். பழைய காகிதத்தைக் கிழிக்காமல் புதியதை ஊற்றி வைத்திருந்தார்கள். அந்த ஆய்வகத்துப் பொறுப்பாசிரியரை, பிள்ளைகள் முன்னாலேயே, நிற்கவைத்துக் கேட்டேன். "ஒரு பாட்டில்ல பேர் மாத்தி எழுதறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சார்? அந்த ரெண்டு நிமிஷம் உங்களுக்குக் கிடைக்கலையா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேசியது நியாயம் என்ற திருப்தியோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் தொட்டி பளிச்சென்று இருந்தது. ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தெளிவு. பிறகு குடையைப் பார்த்தேன். நூல்கள் எல்லாம் உள்ளே போய், தட்டு சுருங்கி, ஓரம் தொங்கி நின்றது. மேலே செம்மண் படிந்தது போல மெல்லிய தூள்.

கீழ் அலமாரியைத் திறந்தேன். வடிகட்டி அறையில் வலைப்பை தலையணை போல உப்பிக் கிடந்தது. உள்ளே முழுக்கக் கறுப்பு.

"டேய்!" என்று நான் கத்தியது கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். தம்பி கைலியோடு ஓடி வந்தான்.

"எவ்வளவுடா போட்ட?"

"முழுசா."

"முழுசான்னா?"

"முழு டப்பாவும்தான்க்கா. நேத்து காலையில. டப்பாவுல எழுதியிருந்த மாதிரிதான்..."

"எந்த டப்பாவுல எழுதியிருக்கு? கால் பங்குக்கு மேல போடாதேன்னு கவர்ல தெளிவா இருந்தது. உனக்குப் படிக்கத் தெரியாது, ஒரு போன் பண்ணிக் கேக்கவும் தெரியாது. கழுவினியா?"

"அரிசியவே ரொம்பக் கழுவினா சத்து போய்டும்னு நீதானே சொல்லுவ. அதான்..."

அதற்கு மேல் அவனைப் பேசவிடவில்லை. பையைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனைச் சொட்டுகளை விட்டு, பத்து நிமிஷம் காத்திருந்தேன். பாஸ்பேட் இருந்தால் நீலம் வரும். போன வாரம் நல்ல நீலமாக வந்தது. இப்போது ஒன்றுமே வரவில்லை. குழாயை வெள்ளைச் சுவரில் பிடித்துப் பார்த்தேன், டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். ஒன்றரை நாளில் துளி மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டிருந்தது. மீனுக்கு அதனால் ஒன்றும் இல்லை, அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்பது வருஷமாக ஒரு சாப்பாட்டுக்குப் பழகிய உயிருக்குத் திடீரென்று அடுப்பையே அணைத்தாயிற்று. போதாததற்குத் தலையில் துருத்தூள்.

தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினேன். தூளை மெல்ல ஊதிவிட்டேன். தீனியைக் கூட்டினேன். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை, தம்பியைத் திட்டுவதைத் தவிர.

அதை மனசாரச் செய்தேன். வியாழக்கிழமை காலையில் கொத்துக் கொத்தாக இருந்த சின்னப் பவளங்கள் பொத்தான் போல மூடிக்கொண்டதைப் பார்த்துத் திட்டினேன். வெள்ளிக்கிழமை குடையின் தண்டு அடியில் கறுத்துக் கொழகொழத்ததைப் பார்த்துத் திட்டினேன். தொட்டி அழுகிய முட்டை போல லேசாக நாறியது. அவனுக்கு எட்டு வயதில் என் சைக்கிளை எடுத்துப் போய்ப் பள்ளத்தில் விட்டதைச் சொன்னேன். என் காலேஜ் பேனாவைத் தொலைத்ததைச் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மருந்துச் சீட்டை மறந்துவிட்டு வந்தானே, அதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்தான், ரசத்தை ஊற்றிக்கொண்டான். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. "செஞ்சதையும் செஞ்சுட்டு எப்படி உக்காந்து சாப்பிடறான் பாரு" என்றேன்.

"அண்ணி, போதும் அண்ணி. ரெண்டு நாள்ல ஆளுங்க வராங்க" என்றாள் தம்பி மனைவி.

"ஆளுங்க வராங்கன்னுதானே இவ்வளவும்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வீடு துடைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அசோக் நகர்க் குடும்பம். நல்ல மாதிரியான மனிதர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பையனும் எங்கள் பெண்ணும் ஒரே அலுவலகம், ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டதுதான். பெரியவர்கள் பேசியது வெறும் சடங்கு. ஆனால் எல்லாருடைய கண்ணும் தொட்டியில்தான் இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு தண்ணி" என்றார் பையனின் அப்பா.

"நாங்களும் ஒரு தங்கமீன் தொட்டி வெச்சோம், மூணே நாள்ல கலங்கிப்போச்சு. நீங்க எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க!" என்றார் அம்மா.

"எல்லாம் எங்க அக்கா வேலைதான்" என்றான் தம்பி. குத்திக்காட்டுகிறான் என்று நினைத்து முறைத்தேன். அவன் சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தான்.

பையனின் அக்கா மகள், நாலு வயதிருக்கும், தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "மீனுக்கு நான் மம்மு போடவா?" என்றாள். தம்பி மனைவி தீனி டப்பாவை முந்தானைக்குள் மறைத்ததை நான் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாக நான் போட்ட கூச்சல் எங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

நான் போய்த் தம்பி மனைவி கையிலிருந்து டப்பாவை வாங்கினேன். குழந்தையைத் தூக்கி ஸ்டூலில் நிற்கவைத்தேன். "போடு கண்ணு. இன்னும் போடு. இன்னும்" என்றேன். விரட்டி விரட்டி ஓட்டிய அந்தப் பாஸ்பேட்டைத் திரும்ப வரவழைக்க எனக்கு அந்தக் குழந்தையின் கை தேவையாக இருந்தது. பெரியவர்களையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சிட்டிகை போடச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே குஷி. "இவ்வளவு பாசமான அத்தை" என்று பையனின் அம்மா எங்கள் பெண்ணிடம் சொன்னார். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். படி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். மிஞ்சிய அச்சுமுறுக்கை எடுத்து வைக்கத் தம்பி மனைவி ஒரு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா.

"அய்யோ, அதுல திங்கறது எதையும் போடாதே! அது மருந்து டப்பா!" என்று பாய்ந்து பிடுங்கினேன். டப்பா ஒரு கையில் வந்தது, மூடி இன்னொரு கையில்.

மூடியில் நீல மார்க்கரில் எழுதியிருந்தது. ஈரத்திலும் அழியாத மார்க்கர், பள்ளியிலிருந்து நான் கொண்டு வந்தது. எழுத்து குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி, கடைசி வரி அடிக்கோட்டோடு.

'பாஸ்பேட் மருந்து. கழுவ வேண்டாம். முழு டப்பாவும் ஒரே தடவை.'

என் கையெழுத்து. தொட்டி வாங்கிய புதிதில், பவளம் எதுவும் இல்லாமல் வெறும் மீன் மட்டும் இருந்தபோது, வெள்ளைக் குருணை போடுவேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது, திரும்ப ஒரு வாரம் ஆகும், வீட்டில் யாராவது போடட்டுமென்று எழுதி வைத்தது. ஒரு டப்பா ஒரு வேளைக்கு. அந்த வெள்ளைக்கு அது சரியான அளவுதான். அந்த டப்பாவில்தான் இந்தத் தடவை நான் கறுப்பைக் கொட்டி மூடினேன். மூடியைப் பார்க்கவே இல்லை. கை தானாகப் போய் எடுத்தது, கை தானாக மூடியது.

அளவு பார்த்துப் போடு என்றேன். அவன் பார்த்துத்தான் போட்டிருக்கிறான். வடபழனியில் அந்த மனுஷரைப் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வைத்தேனே, அதே புதன்கிழமைதான் வீட்டுக்கு வந்து இவனையும் திட்டத் தொடங்கினேன். அந்த ரெண்டு நிமிஷம் எனக்கும் கிடைக்கவில்லை.

தம்பி பால்கனியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். மூடியை அவன் மடியில் போட்டேன்.

"ஏன்டா சொல்லல?"

அவன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். "சொன்னேனேக்கா. டப்பாவுல எழுதியிருந்த மாதிரிதான் போட்டேன்னு. நீ கேக்கல."

"மறுபடி சொல்றதுக்கென்ன? அஞ்சு நாள்டா! மூடியைக் கொண்டாந்து என் மூஞ்சியில அடிக்கறதுக்கென்ன? நான் அப்பா விஷயத்தக்கூட..." அப்போதும் நான் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"காட்டிட்டா அப்புறம் யாரத் திட்டுவ? உன்னையே திட்டிக்கினு சோறு தண்ணி இல்லாம அந்தத் தொட்டி முன்னாடி ஒக்காந்துக்கினு இருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? என்னத் திட்டினா சாப்புட்டுட்டுத் தூங்கிடுவ" என்றான். "வூட்ல விசேஷத்த வெச்சிக்கினு நீ படுத்துட்டா யாரு பாக்கறது?"

நான் உள்ளே வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். அவன் சொன்னது போலவே அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் குடையை வெளியே எடுத்தேன். புது பிளேடால் அறுத்தேன். தண்டு முழுக்கப் போயிருந்தது, தட்டும் முக்கால்வாசி போயிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சதை கெட்டியாக இருந்தது. தம்பி டிப்போவுக்குக் கிளம்பாமல் கிண்ணத்தில் உப்புத்தண்ணீரோடு பக்கத்தில் நின்றான். கல்லை அவன் பிடித்துக்கொண்டான், ரப்பர் பேண்டை நான் சுற்றினேன். நான் இறுக்கி இழுத்ததில் இரண்டு தடவை அறுந்துவிட்டது. மூன்றாவதை அவனே சுற்றினான். நான் மறுபடி இழுத்திருந்தால் அது சதையை வெட்டியிருக்கும், அவன் தளர்வாகச் சரியாகச் சுற்றினான்.

துண்டு கல்லில் பிடித்துக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. இப்போது காலையில் விளக்கு எரிந்ததும் அதில் ஏழெட்டு நூல்கள் வெளியே வருகின்றன. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வர இன்னும் ஒன்பது வருஷம் ஆகும். அப்போது எனக்கு அறுபத்து மூன்று. பாசி மறுபடி தலைகாட்டியபோது கறுப்புக் குருணையைக் கால் பங்கு எடுத்து அலசினேன், நீலத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சமையலறையில் இருந்த அத்தனை டப்பாக்களின் எழுத்தையும் ஒரு முழு நாள் உட்கார்ந்து அழித்து மாற்றி எழுதினேன். இப்போது தம்பி மனைவி எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் என்னைத் திட்டுகிறாள்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வார்த்தை பழக்கமில்லை. குடையை அறுத்த அந்த வாரக் கடைசியில் வீட்டில் வஞ்சிரம் வறுத்திருந்தது. நடுத்துண்டை, வழக்கமாக நான் எடுத்துக்கொள்வதை, அவன் தட்டில் வைத்தேன். சோற்றை நானே போட்டேன். குழம்பையும் ஊற்றினேன். அவன் சாப்பிடாமல் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"திட்டறதா இருந்தா திட்டிடுக்கா" என்றான். "இது பயமா கீது."